டிரங்க் போர்டில் இருந்தவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'ஸ்மார்ட் வீடு' பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பேசினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், வாசலில் நிற்பது யார் என்று படுத்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றெல்லாம் ஆசையாக எழுதிக்கொண்டு வந்தவர், கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கருவிகளால் என்ன பயம்? அந்தக் கேள்விக்காகத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1981-ல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். தென் மாவட்டத்து டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் பதினைந்து வருடம் போர்டு பார்த்தேன். அடுத்தவர் பேச்சைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். இன்னார்தான் லைனுக்கு வர வேண்டும் என்றால் பி.பி. கால். எங்கள் முகத்துக்கு நேரே ஒரு பெரிய போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். மேசையில் ஜோடி ஜோடியாக, முனையில் பிளக் வைத்த வயர்கள். ஒரு பிளக்கை உள்ளூர் லைனிலும் அதன் ஜோடியை வெளியூர் லைனிலும் சொருகினால் இரண்டு பேரும் பேசலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கீ உண்டு. அதைத் தள்ளினால் இருவர் பேச்சும் எங்கள் ஹெட்செட்டில் விழும். லைன் சரியாக இருக்கிறதா, பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்கக் கீயைப் போட்டே ஆக வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் நடுவே புகுந்து, "த்ரீ மினிட்ஸ் ஆயிட்டு, இன்னும் பேசுதீங்களா?" என்று கேட்க வேண்டும். 'அப்பா சீரியஸ்' என்ற சேதி போய்க்கொண்டிருக்கும்போது அப்படிப் புகுவதைப் போலச் சங்கடம் வேறு இல்லை. பேசிய நேரத்தைக் குறிக்கிற டிக்கெட்டில் இரண்டு நிமிடத்தைக் குறைத்து எழுதியதும் உண்டு. அதற்காக இப்போது யாரும் பென்ஷனைப் பிடிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆக, ஊரில் யார் வீட்டில் எந்தச் சம்பந்தம் முறிந்தது, யார் கடை மூழ்கப் போகிறது, யார் மகன் பம்பாயில் யாரோடு இருக்கிறான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் அம்மா எங்கள் ஆறு பேரையும் நிற்கவைத்து 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் 26-ஆம் பிரிவை வாசித்துக் காட்டினார். அடுத்தவர் பேச்சை முறைகேடாக இடைமறித்தாலோ வெளியே சொன்னாலோ மூன்று வருடம் வரை ஜெயில். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், அதற்குள் அவனுக்கு எத்தனையோ கணக்கு இருந்திருக்கும். எங்களை அது கட்டிப்போட்டது. உடன் வேலை பார்த்த ஒருத்தி, பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வந்த வரன் விஷயத்தைக் கோயிலில் வைத்து உளறிவிட்டாள். ஒரே வாரத்தில் மெமோ. அதற்கப்புறம் அவள் போர்டில் உட்காரவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேசுகிறவர்களுக்கு நாங்கள் இருப்பது தெரியும். "இருங்க, ஆபரேட்டர் கேட்டுட்டிருப்பா, லெட்டர்ல எழுதுதேன்" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்போது வருத்தமாகத்தான் இருக்கும். இப்போது யோசித்தால், அவர்களுக்கு என்ன ஒரு வசதி அது! கேட்கிற காது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினார்கள்.

இனி என் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. தனியாக இருக்கிறேன் என்று பெங்களூரில் இருக்கும் மகன், பேசினால் பதில் சொல்லும், திரையும் காமிராவும் வைத்த ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்துவிட்டுப் போனான். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம், பெயரைச் சொன்னால் சிலர் வீட்டில் அது 'என்ன?' என்று கேட்டாலும் கேட்கும். அதில் ஒரு ஏற்பாடு. மகன் அங்கிருந்து கூப்பிட்டால் நான் எதையும் தொட வேண்டாம், பெட்டி தானே திறந்துகொள்ளும். விழுந்து கிடந்தால் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு, சரிதான். மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையும் பாதி சுற்றிய சேலையுமாகக் கூடத்துக்கு வருகிறேன், திரையில் மகன் முகம். அவன் கண்ணை மூடிக்கொண்டான், நான் கதவுக்குப் பின்னால் போனேன். அன்றிலிருந்து முதலில் போனில் ஒரு ரிங் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வருகிறான். பெற்ற பிள்ளை, நல்ல பிள்ளை, அவனுக்கே இதைச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். பதினொரு வயது. பெட்டியோடு சேர்ந்த ஆப்பைத் தன் அப்பா போனில் நோண்டிக்கொண்டிருந்தவள், "ஆச்சி, இங்க பாருங்க, நீங்க பேசினது எல்லாம் இருக்கு" என்றாள். தேதி, நேரம் போட்டு ஒரு நீளப் பட்டியல். 'அலாரம் வை', 'இன்றைக்கு மழை வருமா' எல்லாம் நான் கேட்டவைதான், அரைகுறை இங்கிலீஷில். நடுநடுவே 'ஆடியோ புரியவில்லை' என்று சில வரிகள். எண்ணிப் பார்த்தோம், இருபத்துமூன்று. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. யாரும் கூப்பிடாத நேரத்தில் ஏதோ ஒரு சொல்லைத் தன் பெயர் என்று நினைத்து விழித்து, பத்துப் பன்னிரண்டு விநாடித் தமிழைப் பிடித்து அனுப்பி, புரியவில்லை என்று எழுதி, அப்படியும் பத்திரமாக வைத்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முக்கோணம். தொட்டால் பேசும்.

பேத்தி தொட்டுவிட்டாள். ஒன்றில் நான் சாமி படத்துக்கு முன்னால் முணுமுணுப்பது. இன்னொன்றில் என் தங்கை, தன் மருமகனைப் பற்றி. மூன்றாவதில் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் குரல். என்னிடம் மட்டும் என்று நினைத்து, பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்தபடி அழுதுகொண்டே சொன்ன விஷயம். என்ன விஷயம் என்று இங்கே எழுதப் போவதில்லை. 26-ஆம் பிரிவு இன்னும் உடம்பில் இருக்கிறது. சட்டென்று போனைப் பிடுங்கி நிறுத்தினேன். ஆனால் நாலைந்து வார்த்தை பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது.

இதில் என்னைக் குத்துவது இதுதான். பெட்டி வந்த புதிதில் அந்தப் பெண் அதைத் துடைக்கத் தயங்கிக்கொண்டு கேட்டாள்: "யக்கா, இது நாம பேசுததக் கேக்குமா?" நான் பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி, "அதெல்லாம் கேக்காது, பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முழிக்கும்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டியின் அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது.

அதற்கப்புறம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வேலை அப்படி, பழக்கம் போகாது.

அட்டையில் போட்டிருந்தது முழுப் பொய் இல்லை. பெட்டியின் மைக் எப்போதும் திறந்துதான் இருக்கும். கடைசிச் சில விநாடிச் சத்தத்தை மட்டும் தனக்குள் வைத்து, மேலே மேலே அழித்து எழுதிக்கொண்டே இருக்கும். தன் பெயர் கேட்டதாகத் தோன்றினால்தான் அதற்கப்புறம் வருவதை இணையம் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பும். தகராறெல்லாம் அந்த 'தோன்றினால்' என்பதில். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தவறான சொற்களுக்கு இந்தக் கருவிகள் விழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அமேசான் கம்பெனிக் கருவியான அலெக்ஸா விழித்த சொற்களில் ஒன்று 'எலெக்ஷன்'. நம் ஊரில் டீக்கடை முதல் அடுப்பங்கரை வரை அந்தச் சொல் விழாத நாள் உண்டா?

2018-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் நடந்ததைப் படித்தபோது, ஆபரேட்டராக இருந்தவள் என்பதால் எனக்குச் சிரிப்பும் வந்தது. ஒரு தம்பதி வீட்டில் மரத்தளம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அலெக்ஸா தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து விழிக்கிறது. 'செய்தி அனுப்பு' என்று காதில் விழுந்ததாக நினைக்கிறது. யாருக்கு என்று கேட்கிறது. அவர்கள் பேச்சில் ஏதோ ஒரு பெயர் விழுகிறது. சரிதானே என்று கேட்கிறது. 'சரி' என்று விழுகிறது. அவ்வளவுதான், வீட்டுப் பேச்சு மொத்தமும் சியாட்டிலில் இருந்த, கணவரிடம் வேலை பார்க்கும் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நல்ல மனிதர் உடனே போன் செய்து கருவிகளைப் பிடுங்கிவிடச் சொன்னார். வரிசையாக இத்தனை தவறு நடந்தது என்று அமேசானே விளக்கம் கொடுத்தது. ராங் கனெக்ஷன் கொடுக்காத ஆபரேட்டர் கிடையாது. நாங்கள் 'சாரி' சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

சரி, இது இயந்திரத்தின் தவறு. மனிதக் காது பற்றிய சேதி 2019-ல் வந்தது. அலெக்ஸாவின் பதிவுகளைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கேட்கிறார்கள் என்று ஏப்ரலில் தெரிந்தது. ஜூலையில், 'கூகுள் அசிஸ்டெண்ட்' என்ற கூகுளின் குரல் உதவிக் கருவியின் பதிவுகள் ஆயிரத்துக்கு மேல் பெல்ஜியம் நாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போயின. அவற்றில் 153 பதிவுகள், யாரும் கூப்பிடாமலே பிடிபட்டவை. மொத்தத்தில் 0.2 சதவீதப் பதிவுகளைத்தான் ஆட்கள் கேட்கிறார்கள் என்றது கூகுள். அதே மாதம் ஆப்பிள் கம்பெனியின் குரல் உதவிக் கருவியான 'சிரி'யும் (Siri) மாட்டியது. ஆகஸ்டில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேச்சு வழக்கைக் கருவிக்குப் புரியவைக்கத்தான் கேட்டோம் என்பது எல்லோரும் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். யோசித்துப் பாருங்கள், நாளைக்கு இந்தப் பெட்டிக்கு நெல்லைத் தமிழைப் பழக்க வேண்டும் என்றால் நெல்லைத் தமிழ் தெரிந்த ஒருவர்தான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு 26-ஆம் பிரிவை யார் வாசித்துக் காட்டுவார்கள்?

காமிரா சங்கதி இதைவிட மோசம். அமேசானுக்குச் சொந்தமான ரிங் காமிராக் கம்பெனி மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2023 மே மாதம் போட்ட வழக்கில், ஒரு ஊழியர் 2017-ல் மூன்று மாதத்துக்குள் குறைந்தது 81 பெண்களுடைய ஆயிரக்கணக்கான வீடியோக்களைத் திறந்து பார்த்ததாக இருக்கிறது. படுக்கையறை, குளியலறையில் இருந்த காமிராக்களும் அதில் சேர்த்தி. கூட வேலை பார்த்த பெண் ஒருவர் மேலதிகாரியிடம் சொன்னபோது, இன்ஜினீயர்கள் நிறையப் பார்ப்பது சகஜம் என்று முதலில் தட்டிக்கழித்தாராம். அவன் அழகான பெண்களின் வீடியோக்களாகவே பார்க்கிறான் என்று தெரிந்த பிறகுதான் விழித்திருக்கிறார். எங்கள் சூப்பர்வைசர் அம்மா, கீ இரண்டு நொடி அதிகமாகக் கிடந்தாலே பின்னால் வந்து நிற்பார். நம் நாட்டிலும், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் பதிவுகள் 2025 பிப்ரவரியில் இணையத்தில் விற்பனைக்கு வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படுக்கைகளில் இருந்த பெண்கள் எதை ஒளிக்க நினைத்தவர்கள் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இனி சட்டம். 1996-ல், போன் ஒட்டுக்கேட்பு வழக்கில், வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ ஒருவர் போனில் பேசுவது அவருடைய அந்தரங்கம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸ் போர்டில் அந்தப் பேப்பர் செய்தியை யாரோ குத்தி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்துவிட்டார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கு விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான் அமலாகும்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவரிடம் சம்மதம் வாங்கும்போது கொடுக்கும் அறிவிப்பை அவர் இங்கிலீஷிலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலோ படிக்க வசதி செய்ய வேண்டும். தமிழும் அதில் உண்டு. என் பெட்டியைச் செய்த கம்பெனிக்கு, தனியுரிமை நிபந்தனைகளைத் தமிழில் அனுப்புங்கள் என்று எழுதினேன். ஆறு நாள் கழித்து இங்கிலீஷில் ஒரு லிங்க் வந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டால் இருபத்தாறு பக்கம். இன்னும் அமலுக்கு வராததால் அவர்கள் செய்தது சட்டப்படி தப்பில்லை. ஆனால் டெலிவரி செய்யும் பையன் தமிழில் மெசேஜ் அனுப்புகிறான், தீபாவளி ஆஃபர் விளம்பரம் தமிழில் வருகிறது, நிபந்தனை மட்டும் தமிழில் வராதாம்.

பிடிக்காத இடமும் உண்டு. ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகத் தகவல்களைக் கையாண்டால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. அது இல்லாவிட்டால் கல்யாண ஆல்பம்கூட வைத்திருக்க முடியாது, புரிகிறது. ஆனால் அடுப்பங்கரையில் காமிரா மாட்டிவைத்து, வேலைக்கு வருகிற பெண்ணின் குனிந்து நிமிர்வதையெல்லாம் பதிவு செய்கிற வீட்டுக்காரரைக் கேட்க இந்தச் சட்டத்தில் வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பகுதியிலேயே நாலைந்து வீட்டில் அப்படி இருக்கிறது. பெட்டிக்கு 'சம்மதம்' அழுத்தியது என் மகன், பெங்களூரில் இருந்துகொண்டு. என் தங்கையோ, வேலைக்கு வருகிற பெண்ணோ, கேஸ் சிலிண்டர் போட வருகிற தம்பியோ எதையும் அழுத்தவில்லை.

கருவியையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுபடி விழுந்தால் அந்தப் பெட்டியைத்தான் கூப்பிடுவேன். உங்களிடம் கேட்பது சின்னது. அடுத்த தடவை இப்படிக் கட்டுரை போடும்போது, அந்த முக்கோணப் பட்டியல் ஆப்பில் எங்கே இருக்கிறது, பழைய பதிவுகளை எப்படி அழிப்பது, 'பதிவுகளை வைத்துக்கொள்ளாதே' என்று எப்படி மாற்றுவது, மைக்கை அணைக்கும் பொத்தான் எது என்று பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். படத்தோடு, பெரிய எழுத்தில். அந்த வசதிகளும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில், அலெக்ஸா வேலை செய்யும் சில எக்கோ ஸ்பீக்கர்களில், குரலைக் கம்பெனிக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு தேர்வு இருந்தது. 2025 மார்ச் 28-ஆம் தேதியோடு அமேசான் அதை எடுத்துவிட்டது.

வேலைக்கு வருகிற பெண்ணிடம் மறுநாளே உண்மையைச் சொன்னேன். பதிவானதையும், அழித்துவிட்டதையும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கம்பெனியைப் பற்றிக் கேட்பாள், அமெரிக்காவுக்கா போகிறது என்று கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது, "நீங்க கேட்டியளாக்கா?"

கேட்டேன் என்றேன். பேத்தி காதில் விழுந்ததையும் சொன்னேன்.

இப்போது காலை ஏழு மணிக்கு அவள் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் வேலையாகப் பெட்டியின் சுவிட்சை அணைக்கிறாள். ஒன்பதரைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறாள். எட்டு மணி வாக்கில் மகன் போன் செய்து, "என்னம்மா, பெட்டி ஆஃப்ல இருக்கு?" என்கிறான். வீட்டில் ஆள் இருக்கு என்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை

(பெயரைப் போட வேண்டாம். போட்டால் அந்தப் பெண் யார் என்று எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும்.)